கவருக்குப் பின்னால் பெயர் இல்லை

தேற்றாத்தீவு,
2024.02.04

அன்புள்ள தம்பி ரூபனுக்கு,

அக்கா எழுதுறன். போனில இந்தக் கதை வேணாம், ஆரும் கேட்டுக்கொண்டிருப்பாங்கள் எண்டு நீ சொன்னாய். அதுதான் மகள்ட கொப்பியில நாலு ஒற்றை கிழிச்சு எழுதுறன். ஆறாம் வகுப்போட நிண்ட கை. பிழை இருந்தால் திருத்தி வாசி. நீதானே எழுத்து வேலைக்காரன்.

சுகமா எண்டு கேட்டுத் தொடங்கிறதுதான் நம்மட வழக்கம். இந்தமுறை கேட்க வரல்ல.

உன்ட மச்சான் செத்து ஐம்பத்திநாலு நாள். முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்கு வந்த சனத்தை விரல் மடிச்சு எண்ணலாம். மீனவர் சங்கத்து ஆக்கள் ஒருத்தரும் வரல்ல. ஆக்கின சோத்துல பாதியை மாட்டுக்குப் போட்டம். நீ சந்தியில கட்டச் சொன்ன பதாகை மட்டும் பெரிசா நிண்டுது. "அன்பு மைத்துனர் உதயரூபன் (சுவிஸ்)". பெண்சாதி என்ட பேரை விட உன்ட பேர் பெரிய எழுத்துல. அச்சகத்துக்குப் போன் எடுத்து எழுத்தைப் பெருப்பிக்கச் சொன்னதும் நீதானாம்.

ரூபன், பேஸ்புக்கில "வாவியின் கண்" எண்டு எழுதுறது நீதான் எண்டு எனக்குத் தெரியும்.

புரட்டாதியில மச்சான் உனக்கு ஒரு படம் அனுப்பினார். கண்டல் மரத்தை வெட்டி, மண் கொட்டி, இறால் பண்ணைக்கு வாவியை நிரப்புறாங்கள், பார் தம்பி எண்டு கவலையில அனுப்பினது. உனக்கு மட்டும்தான் அனுப்பினார். மகள் கம்சாயினி அவர்ர போனைத் தடவிப் பார்த்துச் சொன்னாள். நீ அதை அப்படியே எடுத்துப் போட்டாய். மூலையில அவர்ர தோணிட முன்தலைப்புத் தெரியுது. தலைப்பில அம்மன் சடங்குக்கு நான் கட்டின பச்சைக் கரை வச்ச மஞ்சள் சீலைத் துண்டு. அது புஸ்பத்திட சீலை எண்டு இந்தக் கரையில இருக்கிற எல்லாப் பொம்புளையளுக்கும் தெரியும்.

படத்துக்குக் கீழ, சங்கத் தலைவர் வினாயகமூர்த்தியை வாவியை வித்த நாய் எண்டு எழுதினாய். அவர் வித்தாரா இல்லையா எண்டு இஞ்ச இருக்கிற எங்களுக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?

சங்கக் கூட்டத்துல மச்சானை எழுப்பி விட்டாங்களாம்.

"கனகசிங்கம், அந்தப் பேர்ல எழுதுறது நீதானே?"

"இல்ல."

"அப்ப படத்தை ஆருக்குக் குடுத்தாய்?"

வாய் திறக்கல்லையாம். வீட்ட வந்ததும் நான் ஏசினன், ஏன் மனிசா சொல்லாம வந்தீங்க எண்டு. "அவன் ஊருக்கு வந்து போற பிள்ளை. நான் சொன்னா மறுகா அவனால வரேலாது" எண்டார். இவ்வளவுதான் சொன்னார். உன்னை ஒரு சொல்லும் ஏசல்ல.

இந்த வாவியில தொழிலுக்குப் போறது சோடியா. ஒருத்தர் கம்பு ஊண்டுவார், ஒருத்தர் வலை விடுவார். அவர்ர சோடி கந்தப்போடி அண்ணன், பதினெட்டு வருசம். கூட்டத்துக்குப் புறகு, அவரோட ஒருத்தரும் தண்ணியில இறங்கப்படாது எண்டு சங்கம் சொல்லிப்போட்டுது. கந்தப்போடி அண்ணன் வாசல்ல வந்து நிண்டு, "மச்சான், எனக்கும் நாலு பிள்ளையள்" எண்டார். தேத்தண்ணி குடுத்தன். குடிக்காமப் போனார்.

ஒண்டரை மாதம் உன்ட மச்சான் தனியப் போனார். மார்கழிக் காத்துல தோணி பிரண்டுது. காலில வலை சுத்திக் கிடந்துது. பக்கத்துல கம்பு நீட்ட ஒரு ஆள் இல்ல. பகல் பத்து மணி, ரூபன். கரையில சனம் நிண்ட நேரம்.

அடுத்த நாள் உன்ட பேஸ்புக் பக்கத்துல அவர்ர படம். "எங்கள் எழுத்தாளர் கனகசிங்கம் படுகொலை." எழுத்தாளராம். கையெழுத்து வைக்கவே வேர்த்து விறுவிறுக்கிற மனிசன். அதைப் பதினோராயிரம் பேர் பகிர்ந்திரிக்காங்களாம். இப்ப கந்தப்போடி அண்ணனைக் கொலைகாரன் எண்டு ஆரோ அவர்ர வீட்டு ஓட்டுக்குக் கல்லெறியிறாங்கள். விசாரணைக்கு மூண்டு தரம் போய் வந்திட்டார்.

உன்னட்ட நான் கேட்கிறது ஒண்டே ஒண்டு. அதே இடத்துல உன்ட பேரைப் போட்டு எழுது. எழுதினது நான், மச்சான் படம் மட்டும்தான் அனுப்பினார், அவரை ஒருத்தரும் கொல்லல்ல எண்டு. நாலு வரி போதும்.

இப்படிக்கு,
அக்கா
கனகசிங்கம் புஸ்பம்


2024.03.24

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்த பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மச்சான் எனக்கும் அப்பா மாதிரித்தான். என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் ஏற்றிப் போனவர் அவர். நான் அழவில்லை என்று நினைக்காதீர்கள்.

படத்தை வெட்டாமல் போட்டது என் பிழை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்பது சின்ன விசயம் இல்லை, அக்கா.

நம்முடைய ஆட்களை உங்களுக்குத் தெரியும். பெயரோடு ஒன்றை எழுதினால் எழுதினதை வாசிக்க மாட்டார்கள். இவன் எந்த ஊர், எந்தக் குடி, எந்தக் கட்சிக்காரன், யார் ஏவி விட்டது என்றுதான் பார்ப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் விசயத்தைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் நான் பெயர் வைக்கவில்லை, பயத்தில் மட்டும் இல்லை. பத்து ஊரிலிருந்து ஆட்கள் என்னை நம்பிச் செய்தி அனுப்புகிறார்கள். நான் யார் என்று தெரிந்தால் என்னோடு பழகிற எல்லாரையும் தேடிப் போவார்கள். வருகிற வருசம் நான் ஊருக்கு வர இருக்கிறேன். பெயர் வெளியில் வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே மறித்து விடுவார்கள்.

மச்சானை எழுத்தாளர் என்று போட்டது அவருக்கு ஒரு மரியாதை தேடித்தான். ஒரு மீனவர் தோணி பிரண்டு இறந்தார் என்றால் யார் அக்கா திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? இப்போது வெளிநாடு முழுக்க அவர் பெயர் தெரியும். அந்தப் பதிவுக்குப் பிறகு மண் கொட்டுவதும் நின்றிருக்கிறது. அவர் சாவு வீண்போகவில்லை.

கொஞ்சம் பொறுங்கள். எல்லாம் ஆறும். கம்சாயினியைப் படிப்பில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தம்பி


தேற்றாத்தீவு,
2024.06.16

தம்பி ரூபனுக்கு,

உன்ட கடதாசி கிடைச்சுது. அதைக் கொண்டு வந்த தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அனுப்பினவர்ர பேரில்லையே பிள்ளை, ஆர்ர?" எண்டு கேட்டார். எனக்கு வெட்கமாப் போச்சு. உள்ளுக்குப் பார்த்தால் கீழயும் "தம்பி" மட்டும்தான். கூடப் பிறந்தவளுக்கு எழுதுற கடதாசிக்குமா நீ பேர் வைக்க மாட்டாய்?

நீ எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன். பேரில்லாட்டி விசயத்தைப் பார்ப்பாங்கள் எண்டு எழுதியிரிக்காய். இஞ்ச ஒருத்தரும் விசயத்தைப் பார்க்கல்ல. கண்டலைப் பற்றி ஒரு நாய் கதைக்கல்ல. எழுதினது ஆர் எண்டுதான் தேடினாங்கள். தேடுறவங்களுக்கு ஒரு ஆள் கிடைச்சே ஆகவேணும். நீ உன்ட முகத்தை எடுத்து ஒளிச்சு வச்சாய். வெறுமையாக் கிடந்த அந்த இடத்துல என்ட புருசன்ட முகத்தைக் கொண்டு போய் வச்சாங்கள்.

எல்லாரும் பேர் போட்டுத்தான் எழுதவேணும் எண்டு நான் சொல்லல்ல. நான் ஒண்டும் தெரியாதவள் இல்ல. மீன் எடுக்க வாற காத்தான்குடி பஹ்மித் தம்பியோட இதைக் கதைச்சன். அவர்ர சொந்தத்துல ஒரு பிள்ளை புருசன்ட அடி தாங்கேலாம வேற பேர்ல எழுதுறாளாம். "அவள் பேரைச் சொன்னா அண்டைக்கே கதை முடிஞ்சிரும் ராத்தா" எண்டார். ஓம், அந்தப் பிள்ளை ஒளிக்கத்தான் வேணும். அவளை அடிக்கிற கை அதே வீட்டுக்குள்ள இரிக்கு. உன்னை அடிக்கிற கை எங்க இரிக்கு, சொல்லு பாப்பம். நீ பனிக்குள்ள கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுறாய். உனக்கு விழுகிற அடிக்கு இஞ்ச ஒரு முதுகு இருந்துது. அந்த முதுகையும் தாட்டாச்சு.

செய்தி தாற ஆக்களைக் காப்பாத்தவேணும் எண்டாய். மச்சானும் உனக்குச் செய்தி தந்த ஆள்தானே? அவரைக் காப்பாத்தினாயா?

மண் கொட்டுறது நிண்டது உன்ட எழுத்துக்கு இல்ல, மழைக்கு. பங்குனியில வெயில் எறிச்சதும் லொறி திரும்ப வந்திட்டுது. ஊர்ல இருக்கிற ஒரு ஆளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாங்கள்.

இன்னொண்டு. வைகாசிச் சடங்குக்குக் கந்தப்போடி அண்ணன் கோயிலுக்குள்ள வரல்ல. மதிலுக்கு வெளிய நிண்டு கும்பிட்டுப்போட்டுப் போனார். நான் போய் உள்ளுக்கு வாங்கண்ணே எண்டு கூப்பிட்டன். "கொலைகாரன் வந்தா சடங்கு குழம்பும் தங்கச்சி" எண்டு சிரிச்சார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்கவேணும். அவர் உன்ட மச்சானோட தண்ணியில இறங்காமல் விட்டதுக்கு எனக்கு அவரில கோவம் இரிக்கு. அது சாகுமட்டும் இரிக்கும். அது வேற கதை. செய்யாத கொலையை அவர்ர தலையில வச்சது நீ.

திதிப்படி கார்த்திகைக் கடைசியில ஒரு வருச ஆட்டைத் திவசம் வருது. முப்பத்தொண்டுக்கு அடிக்காத நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தை அப்ப அச்சடிக்கப்போறன். அதுக்கு முதல் அந்த நாலு வரியை எழுது. நான் திரும்பக் கேட்க மாட்டன்.

அக்கா
கனகசிங்கம் புஸ்பம்


2024.10.13

அன்பின் அக்காவுக்கு,

கோவத்தில் எழுதியிருக்கிறீர்கள். நானும் திருப்பிக் கோவமாக எழுதக்கூடாது என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்தேன்.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. இப்போது இல்லை. ஆனால் கல்வெட்டுக்கு நானே ஒரு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். "வாவிக்காக எழுதி, வாவிக்காக உயிர் கொடுத்த எழுத்துப் போராளி கனகசிங்கம்" என்று தொடங்குகிறது. வாசித்துப் பாருங்கள், உங்களுக்கே கண் கலங்கும். பிள்ளைக்கும் நாளைக்கு அது ஒரு பெருமை. சொந்தக்காரர் பட்டியலில் என் பெயரை வழமை போல மைத்துனர் என்று போடுங்கள், சுவிஸ் என்பதையும் விடாமல். அந்தப் பக்கத்தை எழுதினது நான் என்று மட்டும் எங்கும் போட வேண்டாம்.

தம்பி


தேற்றாத்தீவு,
2024.12.08

தம்பிக்கு,

ஆட்டைத் திவசம் முடிஞ்சுது. கல்வெட்டு ஒண்டு இதோட வச்சிரிக்கன். உன்ட பக்கம் அதில இல்ல. அதை அடுப்புல வச்சன்.

அதுக்குப் பதிலா நான் எழுதினது நடுப் பக்கத்துல இரிக்கு. அச்சகத்துல இருந்தவர் தமிழைக் கொஞ்சம் திருத்தவா எண்டு கேட்டார். எழுத்துப் பிழையைத் திருத்துங்க, சொல்லுல கை வைக்க வேணாம் எண்டன். நீ எப்படியும் கல்வெட்டைத் திறக்க மாட்டாய் எண்டு இஞ்சயும் எழுதுறன்:

"என் கணவர் கனகசிங்கம் பேஸ்புக்கில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. தான் பிடித்த ஒரு படத்தை நம்பின ஒருவருக்கு அனுப்பினார். எழுதினவர் வேறு ஆள். உயிரோடு இருக்கிறார். யார் என்று என் கணவர் சாகும் வரை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். என் கணவரை ஒருவரும் கொலை செய்யவில்லை. கந்தப்போடி அண்ணன் கொலைகாரன் இல்லை. ஆனால் பதினெட்டு வருசம் கூடத் தொழில் செய்த ஆட்கள் அவரைத் தனிய விட்டார்கள். அதை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். இதை எழுதினது கனகசிங்கம் புஸ்பம், தேற்றாத்தீவு. கேட்க வேண்டியதை என் வீட்டுக்கு வந்து கேட்கலாம்."

கீழ என்ட போன் நம்பரும் போட்டிரிக்கன். பயமா இருக்கல்லையா எண்டு கம்சாயினி கேட்டாள். இருக்கு மகள் எண்டன். இருக்கத்தான் செய்யுது.

சங்கத்து ஆக்கள் அரைவாசிப் பேர் வந்தாங்கள். வினாயகமூர்த்தி நிண்ட நிலையில நடுப் பக்கத்தை வாசிச்சார். சாப்பிடாமப் போனார். போகட்டும்.

கந்தப்போடி அண்ணன் பந்தலுக்கு வெளிய குந்தியிருந்து வாசிச்சார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், நேரம் எடுத்துது. உனக்குத் தெரியும், இஞ்ச கல்வெட்டைக் கையில எடுத்தால் எல்லாரும் விரல் வச்சுப் பார்க்கிறது சொந்தக்காரர்ர பேர்ப் பட்டியல். அவரும் பார்த்தார். மைத்துனர் எண்ட சொல்லுக்கு நேர ஒண்டும் இல்ல. வெறுங்கடதாசி. அச்சகத்துல, இந்த இடத்தை இப்படியே விடுறதா எண்டு ரெண்டு தரம் கேட்டாங்கள். ஓம், விடுங்க, அவர் பேர் போடுறதுக்கு விருப்பம் இல்லாத ஆள் எண்டன்.

எனக்கு ஒரு தம்பிதான் எண்டு ஊருக்கே தெரியும். கந்தப்போடி அண்ணன்ட விரல் அந்த வெறுமையில நிண்டுது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உள்ளுக்கு வந்து இலையில இருந்து சாப்பிட்டார். எழும்பிப் போகக்குள்ள, "தோணியை வெயில்ல கவுத்துப் போடாத தங்கச்சி, பலகை வெடிச்சிரும். நாளைக்கு வந்து நிழலுக்கு இழுத்து வைக்கிறன்" எண்டார். வந்து இழுத்தும் வச்சார்.

உன்ட பேரை வெளியில விடல்ல. நீ கேட்டபடியே செஞ்சிட்டன், ஒரு இடத்துலயும் இல்ல. என்ட வீட்டுலயும் இல்ல.

இனிக் கடதாசி போடுறதெண்டால் கவருக்குப் பின்னால பேரை முழுசா எழுதிப் போடு. பேரில்லாத கடதாசியைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தபால்காரரிட்டச் சொல்லி வச்சிரிக்கன். எங்க திருப்பி அனுப்பிற பிள்ளை, ஆர் எண்டு தெரியாதே எண்டு கேட்டார். அது எங்கட பாடு இல்ல எண்டன்.

கனகசிங்கம் புஸ்பம்