மிஸ்டர் ஆல்டனின் ஐந்து வாக்கியங்கள்

நவம்பர் 3, திங்கள்

மழை. பஸ் ஒன்பது நிமிடம் பிந்தி வந்தது. முதியோர் பராமரிப்பு வேலையில் முதல் வீடு வழக்கம்போல் மிஸ்டர் ஆல்டன், மூன்றாம் மாடி. லிப்ட் பழுது. கழுவல், சவரம், இறுக்கக் காலுறை.

இங்கிலாந்துக்காரர், எழுபத்தொன்பது வயது. ஒரு காலத்தில் அங்கே தொலைக்காட்சி நடிகர். ஆரம்பத்தில் தபால்காரர் வேடம், பரிசாரகர் வேடம், இரண்டு தரம் பிணம். பிறகு நாலு வருடம் பொலிஸ் இன்ஸ்பெக்டர். கூடக் காட்சி கேட்டாராம், கதை எழுதினவர் இன்ஸ்பெக்டரை லொறியில் அடிபட வைத்துவிட்டார். அதோடு தொழிலும் முடிந்தது. ஜேர்மன்காரியைக் கட்டி ஜேர்மனிக்கு, இந்த ஹம் நகருக்கு வந்தார். அவள் கடைசிவரை இவரோடு ஆங்கிலம்தான் பேசினாள், போன வருடம் செத்துப்போனாள். இவருக்குத் தெரிந்த டொச், அதுதான் ஜேர்மன் பாஷை: பாண், தண்ணீர், கக்கூஸ்.

இன்ஸ்பெக்டர் தொடரை இங்கே இன்னும் போடுகிறார்கள், வேறொருவரின் டொச் குரலில். பேக்கரியில் முகத்தைக் கண்டு வாயைப் பிளப்பார்கள். இவர் வாயைத் திறந்ததும் பாணைச் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இன்று கடிதம். 22ஆம் திகதி ரசிகர் கூட்டம், இவரும் வரவேணுமாம். கிழவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியின் மகள் சபீன எனக்குப் போன் பண்ணினாள். குரல் கொடுத்தவர் ஹம்பேர்க்கிலிருந்து வருகிறார், பேச்சு அவருடையது, இவர் இருந்து கையசைத்தால் போதும் என்றாள். இவருக்கு அதைச் சொல்லவில்லையாம். நானும் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

தன் சொந்தக் குரலில் நன்றி சொல்லவேணுமாம். ஐந்து வாக்கியம். டொச் சொல்லித்தரச் சொல்லி என்னைக் கேட்டார். என்னை!

இருபத்தெட்டு வருடம் இந்த நாட்டில். Ausbildung, பராமரிப்புத் தொழிற்பயிற்சி, முடித்த சான்றிதழ் சுவரில். ஒருவரும் இதுவரை என்னிடம் டொச் கேட்டதில்லை. சந்தோஷம், அதை மறைப்பானேன்.

வலது காலுறைக்கு ஒரு வாக்கியம், இடது காலுறைக்கு ஒன்று. மிச்சம் சவரத்தில்.

நவம்பர் 13, வியாழன்

வாங்கவேண்டியது: முட்டை, கத்தரிக்காய், முழங்கால் பூச்சு மருந்து.

மூன்றாவது வாக்கியத்தில் இடறுகிறார். கத்தினேன், அவர் கண் கலங்கிற்று. விடவில்லை, இருபது தரம் சொல்ல வைத்தேன். என் வாயையே பார்த்தபடி இருந்தார். கடைசியில் சரி.

நவம்பர் 22, சனி

ஆல்டனோடு நானும் போனேன். மண்டபத்தில் ஒரு ஐம்பது பேர். குரல்காரர் குள்ளம், மொட்டை. அவர் பேசத் தொடங்கியதும் சனம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. பக்கத்தில் அந்த முகமே இருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை.

ஒருவரும் கூப்பிடாமலே ஆல்டன் எழுந்தார். முதல் வாக்கியம், அமைதி. இரண்டாவதில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. மூன்றாவதில் மண்டபம் முழுக்க. பகிடி விடுகிறார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஐந்தையும் சொல்லி முடித்துத்தான் கதிரையில் இருந்தார். குரல்காரர் மைக்கை வாங்கி அதே ஐந்தையும் திரும்பச் சொன்னார். சனம் எழுந்து நின்றது, ஒருத்தி அழுதாள்.

ஆல்டனும் கை தட்டினார்.

நவம்பர் 24, திங்கள்

ஏன் சிரித்தார்கள் என்று கேட்டார். நீ சரி என்றுதானே சொன்னாய் என்றார்.

எனக்குக் கோபம். இரண்டு கிழமை தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தது நான். வீட்டில் சரியாகத்தான் சொன்னீர்கள், அங்கே வயதுபோன நாக்குப் புரளவில்லை, அதற்கு நான் என்ன செய்ய என்றேன். என்னை வெட்கப்பட வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். மற்றக் காலுறையைப் போட்டுவிட்டேன்.

பின்னேரம். யாரோ எடுத்த வீடியோ என் கணவர் வரதனின் போனுக்கு வந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார் மனுசன். நான் சொல்லிக் கொடுத்தது அவருக்குத் தெரியாது.

"இஞ்சரும், இந்த வெள்ளைக்காரன் அசல் உம்மை மாதிரியெல்லோ டொச் கதைக்கிறான். தலையையும் உம்மைப்போலத்தான் ஆட்டுறான்."

பார்த்தேன். ஓம். என் இழுவை, என் தலையாட்டு, வாக்கியம் முடிய நான் உதட்டை மடிப்பதுகூட. நடிகர் அல்லவா, ஒன்றும் தவறவில்லை. மண்டபம் சிரித்தது என்னைப் பார்த்து.

நவம்பர் 25, செவ்வாய்

குளிர், ஒரு பாகை. ஒபிசுக்குப் போன் பண்ணி மூன்றாம் மாடி ஏலாது, முழங்கால் நோ என்றேன். நாளையிலிருந்து போலந்துப் பெண் ஒருத்தி போவாள்.

ஆல்டனிடம் சொல்லவில்லை. காலுறை போடும்போது முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்கினார், தலையை ஆட்டி ஆட்டி. இப்போது சரியா என்று கேட்டார்.

சரி என்றேன்.