இரண்டாவது வெடி

வேடசந்தூர்,
3-9-1958

அன்புள்ள கஸ்பார் அண்ணனுக்கு, தங்கை பொன்னழகு எழுதிக்கொண்டது. நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் நலம். அங்கு அனைவரும் நலந்தானே.

கிணறு வெட்டுகிறவர்களை யாருமே இதுவரை படம் பிடித்ததில்லை என்று சொல்லி, சென்னையிலிருந்து வந்து பத்து நாள் எங்களோடு இருந்தீர்கள். என் வீட்டுக்காரர் இறந்து ஏழு மாதமாகிறது, ஒரு வரி எழுதவில்லை. அது போகட்டும். "மொக்கைச்சாமி குடிச்சுட்டுக் கெணத்துல எறங்குனான்" என்று கிணற்றுக் காண்ட்ராக்டர் ஊரெல்லாம் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் மூத்தவளைக் குடிகாரன் மகள் என்கிறார்கள். அன்றைக்கு நீங்கள் கேமராவோடு கிணற்று மேட்டில் நின்றீர்கள். நடந்ததை எழுதுங்கள்.

இப்படிக்கு,
பொன்னழகு

சென்னை,
11-9-1958

அன்புத் தங்கை பொன்னழகுக்கு,

மாப்பிள்ளை குடிக்கவில்லை.

பாறையைப் பிளக்க வைத்த முதல் வெடி வெடித்தபோது மேகம் மறைத்துவிட்டது. படம் இருட்டாக விழுந்திருக்கும். "இன்னொருக்கா வைக்கலாமா மாப்ளே?" என்று நான்தான் கேட்டேன். "அதுக்கென்ன மச்சான், வச்சாப் போச்சு" என்றார். ஒரு வெடி வெடித்தால் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் கிணற்றில் இறங்க வேண்டும். வெயில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினேன். முதலில் வைத்ததில் ஒரு வெடிமருந்துத் தோட்டா வெடிக்காமல் கிடந்திருக்கிறது. கடப்பாரை பட்டதும் வெடித்தது.

அவர் சிரித்துக்கொண்டே இறங்குவது வரை படத்தில் இருக்கிறது. அதன் பிறகு நான் கேமராவைத் தொடவில்லை. மறுநாளே சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன்.

படத்தை வாங்குவதாகச் சொன்னவர்கள் அந்த இடத்தை வெட்டிவிட்டு, வேறு கிணற்றில் தண்ணீர் ஊறுவதோடு முடிக்கச் சொல்கிறார்கள். வெட்ட மாட்டேன். நான் கேட்டதையும் அவர் இறங்கியதையும் படத்தில் என் குரலிலேயே சொல்லப்போகிறேன். அவர்கள் வாங்காவிட்டால், புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நானே காட்டுவேன்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

கஸ்பார்

வேடசந்தூர்,
20-9-1958

கஸ்பார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எடுத்துக்கொண்டு காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, கூலியாட்கள் எல்லோரும் கேட்கும்படி முழுவதும் படித்தேன். அஞ்சாம் வகுப்புப் படிப்புதான், தட்டுத்தடுமாறித்தான் படித்தேன். காண்ட்ராக்டர் உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரரோடு கிணறு வெட்டிய ஒச்சப்பன்தான், "வீட்டுக்குப் போ தாயி. இனி எவனும் அந்தப் பேச்சப் பேச மாட்டான்" என்றார்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தாலும் என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியாது.

படத்தை முதலில் எங்கள் ஊரில் காட்டுங்கள். வெட்டாமல் காட்டுங்கள். தேதியை ஒச்சப்பனுக்கு எழுதினால் போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்து பார்ப்பேன்.

படம் முடிந்ததும் நீங்கள் பஸ் ஏறிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம்.

மொக்கைச்சாமி மனைவி,
பொன்னழகு