நீ கடலுக்குள் போட வாங்கிய காலணி

அவையோரே, ஆன்றோரே என்று தொடங்கிப் பழகிய நாக்கு என்னுடையது. இன்று நீ ஒருவனே என் அவை. கேள், நண்பா. கடைகடையாய் ஏறித் தேர்ந்தெடுத்த காலணியை ஒருவன் போடாமல் விட்டான். அதனால் செத்தான். அவனைப் போடாமல் விட வைத்தவன்மீது குற்றம் சாட்ட எழுந்திருக்கிறேன். செத்தவன் நீ. குற்றவாளி நான்.

இன்று காலை உன் மனைவி என் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தக் காலணி இருந்த அட்டைப்பெட்டி. மூடியைத் திறந்ததும் புது ரப்பரின் வாடை கூடமெங்கும் பரவியது. கடலுக்குப் போகும்போது நான் போட்டுக்கொள்ளட்டும் என்று கொண்டுவந்தாராம். படியிறங்கப் போனவர் நின்று, திரும்பிக் கேட்டார்.

"கர்ச்சீப்பு கூட மறக்காத ஆளுண்ணே அவரு. அன்னிக்கு இத மட்டும் மெய்யாலுமே மறந்துட்டாரா?"

"ஆமாம்மா, மறந்துவிட்டான்" என்றேன். தெருமுனைதோறும் மேடையில் முழங்கிய குரல்தான் அந்தப் பொய்யையும் சொன்னது. அவர் பெட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மண்ணுக்குள் கிடக்கும் இரும்பையும் பொன்னையும் ஒலியெழுப்பிக் காட்டும் அந்தக் கருவியை நீ முதன்முதலில் தோளில் மாட்டிய ஞாயிறு நினைவிருக்கிறதா? கொரட்டூரில் முதல் வண்டி ஏறி மெரினாவுக்குப் போனோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பொறி ஓட்டும் நீ, பட்டறையில் போடும் காலணியோடே வந்துவிட்டாய். அதன் முனையில் இரும்புத் தொப்பி. கால் வைத்த இடமெல்லாம் கருவி அலறியது. "இங்க எதோ பெர்சா கீது மச்சான்" என்று உன் காலைச் சுற்றியே முழங்கால் ஆழம் தோண்டினாய். உண்மை விளங்கியபோது மணலில் உட்கார்ந்து நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் கேடில்லை.

அடுத்து, முழங்கால்வரை ஏறும் ரப்பர்ப் பூட்சு. ஒரே அலையில் நீர் நிரம்பி, உன்னைக் கல் கட்டியவன்போல் சாய்த்தது. பிறகு வார்ச்செருப்பு. ஈரமணல் அதில் ஒன்றை உறிஞ்சிக்கொண்டு திருப்பித் தரவே இல்லை. இத்தனை பாடும் எதற்கு? அலையில் மோதிரத்தைத் தொலைத்து அழுத எவரோ ஒருவருக்கு அதைத் தேடிக் கொடுத்து, அவர் முகம் மாறுவதைப் பார்ப்பதற்கு. வேறு ஊதியம் நீ கேட்டதில்லை.

ஆவடிக் கடைத்தெருவில் நாம் காலணி தேடிய மாலையைத்தான் இன்று முழுதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கைக்கடக்கமான சிறு கருவியை ஒவ்வொரு காலணியிலும் உள்ளும் புறமும் ஓட்டினாய். கயிறு கோக்கும் துளையில் பித்தளை வளையம் இருந்தால் வேண்டாம்; அடித்தோலுக்குள் இரும்புத் தகடு இருந்தால் வேண்டாம். கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, செருப்புக்குள்ள குண்டு கீதான்னு பாக்குறியா?"

"ஆணி கீதான்னு பாக்குறேன் நைனா" என்றாய் நீ, தலை நிமிராமல்.

நான்காம் கடையில் கிடைத்தது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் கறுப்புத் துணி, தடித்த ரப்பர் அடி, புகுந்த நீர் வெளியேறப் பக்கத்தில் சிறு துளைகள். துளி இரும்பும் இல்லை. போட்டுக்கொண்டு எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி என்னைக் கூப்பிட்டாய்.

"நீ அமுக்கிப் பாத்துச் சொல்லு மச்சான், வெரலு இடிக்குதான்னு. எனுக்குத் தெரில."

குனிந்து அமுக்கினேன். இடிக்கவில்லை. திரும்பும் வழியில்தான் சொன்னாய்: நீரிழிவு உன் கால்களின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது, முள் தைத்தாலும் தெரியாது, அதற்காகவே தடித்த அடி. வீட்டில் சொல்லாதே, கடலுக்கு விடமாட்டாள் என்று கேட்டுக்கொண்டாய். இவ்வுலகில் அதை அறிந்தவன் நான் ஒருவனே.

அறிந்தும் செய்தேன்.

அடுத்த கிழமை நம் ஊர்த் தெருமுனையில் கூட்டம். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேல்தெருவைக் கடந்த நம் பாட்டன்மாரின் மானம். பிறர் வயலில் உழைத்தே ஓய்ந்த அவர்கள் கதையை நான் பேசினால் கேட்பவர் விம்முவர். அன்று ஏனோ அவை அசையவில்லை, பின்வரிசையில் கொட்டாவி. மூன்றாம் வரிசையில் நீ இருந்தாய், போட்டுப் பழகவேண்டும் என்று அந்தக் காலணியோடு. என் விரல் உன்மீது நீண்டது.

"பாட்டனுக்கோ தெருவில் செருப்பணிய உரிமையில்லை! பேரன் பாருங்கள், அலையில் கால் நனைக்கவே கவசம் தேடுகிறான்! கடலம்மா கடித்துவிடுவாளோ?"

தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே இரு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த சொல்லுக்குத் தாவினேன். செருப்புரிமை பேசிய மேடையிலிருந்தே ஒருவன் காலணியைக் கழற்ற வைத்தேன். என் பாட்டனைச் செருப்புக் கழற்றச் சொன்னவனிடம் தடி இருந்தது. என்னிடம் ஒலிவாங்கி இருந்தது.

அந்த வாரம் தேநீர்க் கடையில் உன்னைக் கண்டவரெல்லாம் கேட்டனர்: "இன்னா மாமே, கடலம்மா கடிச்சிட்டாளா?" உனக்கு மறுமொழி இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விடும். தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நடந்தாய்.

ஞாயிறன்று வெறுங்காலோடு வந்தாய். காலணி எங்கே என்றேன். "வோணாம் மச்சான். இனிமே அதப் போட்டுகினு போனா கடலே சிரிக்கும்" என்றாய். திரும்பிப் போய் எடுத்து வா என்று நான் சொல்லவில்லை. சொல்லாததைவிட இழிவான ஒன்றையும் சொல்கிறேன்: என் ஒரு சொல்லுக்கு இவ்வளவு வலிமையா என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

முழங்கால் நீரில் கருவி ஒலித்தது. குனிந்து, மணலை அள்ளி, ஒரு மெட்டியை எடுத்தாய். முகமெல்லாம் ஒளி. அப்போது நம்மிடையே வந்து திரும்பிய நுரை சிவந்திருந்தது.

"உன் கால பாரு மச்சான்" என்று பதறினாய். "எங்கியோ வெட்டிகினு கீற."

என் காலில் ஒன்றுமில்லை. உடைந்த புட்டியின் அடிப்பகுதி உன் உள்ளங்காலைப் பிளந்திருந்தது. கரையேறி அதைப் பார்த்தபோது, வேறு எவர் காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாய்.

புண் ஆறாமல் அழுகியது. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு கணுக்கால்வரை. பிறகு உன்னையே இழந்தோம். மருத்துவமனையில், உன் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது என் கையைப் பிடித்தாய். "ஊட்ல கேட்டா, மறந்துட்டுப் போனேன்னு சொல்லிடு. நீ மேடையில சொன்னதத்தான் ஊரே மறந்துடுச்சே." ஊர் மறந்தது, நண்பா. நீ மறக்கவில்லை.

உன் இரங்கல் கூட்டத்தில் நான் என்ன பேசினேன் தெரியுமா? வெறுங்காலோடு கடலை அளந்தவன் என்றேன். கரையில் புட்டி உடைக்கும் கயவரைச் சாடினேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் உன் மனைவி கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

நீ எனக்குக் கொடுத்த மறைப்பை இத்தனை நாள் போர்த்திக்கொண்டு திரிந்தேன். நட்புக்குத் தந்த வாக்கு என்று பெயரிட்டேன். அது என் கோழைத்தனம். கட்டிய கணவன் தன் மறதியால் செத்தான் என்று ஒரு பெண் எண்ணவும் முடியாமல், எண்ணாதிருக்கவும் முடியாமல் தவிக்கிறார். உன் சொல்லை மீறப்போகிறேன், பொறுத்துக்கொள். உன் விரல்களை அமுக்கிப் பார்த்த இந்தக் கட்டைவிரலில் அந்தத் துணியின் இறுக்கம் இன்னும் இருக்கிறது. அது எனக்கு உரியது, வைத்துக்கொள்கிறேன். உண்மை அவருக்கு உரியது.

ஊருக்கெல்லாம் ஆணையிட்ட நாவே, இப்போது உனக்கு ஆணை. எழு. அவர் வீடு இருக்கும் ஏரிக்கரைத் தெருவுக்கு நட. அவர் உட்காரச் சொல்வதற்கு முன், நின்றபடியே, அடுக்குமொழி ஒன்றும் இல்லாமல் சொல்: "அவன் மறக்கவில்லை அம்மா. நான் ஊர் நடுவில் அவனைக் கேலி செய்தேன், அதனால் போடவில்லை." சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னாலும் வாய்மூடிக் கேள்.