கோயிலுக்கு எதிரே மூலைச் சைட்டு

அன்பு மகள் ஸ்ரீதேவிக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் யுவனும் சுகமா. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "அத்தை, இன்வெஸ்ட்மென்ட்டெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்கிறார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படித்துவிட்டு அவர் கையிலேயே கொடு.

நான் இருக்கிற இந்த மண்டி மொஹல்லா வீட்டை விற்று, ஹனூர் பக்கம் காலி மனையாக நாலு சைட்டு வாங்கிப்போட்டால் தங்கமாக விளையும் என்று மாப்பிள்ளை ஆறு மாதமாக ஓதுகிறார். ஒரு சைட்டுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று, நீ ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் நின்று சம்பாதித்ததில். "ஒரு தடவை போய்ப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா" என்று நீயும் சொன்னாய். சரி என்று போன ஞாயிறு போனேன். கூட்டிப்போனது யார், உன் பெரியப்பா மகன் பாலன். கமலம்மாள் பெற்ற பிள்ளை. உன் காதுகுத்துக்கு வந்து தோட்டை உள்ளங்கையில் ஏற்றி இறக்கிப் பார்த்து, "கனமே இல்லியே பாப்பாயி, காத்துல பறந்துரப் போவுது" என்று சபை நடுவில் சொன்னாளே, அந்தக் கமலம்மாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்த கத்தரிப்பூ நிறப் பட்டு இரவல் பட்டு, அது யாருடையது என்றும் எனக்குத் தெரியும், நான் ஏன் சொல்லப்போகிறேன். அந்த நாக்கு அப்படியே மகனுக்கு இறங்கியிருக்கிறது, ஆனால் இவன் அதை வைத்துச் சைட்டு விற்றுப் பிழைக்கிறான்.

விஜயநகரில் வேன் ஏறினோம். பென்ஷன்காரர்களாக ஒரு வண்டி, தலைக்கு ஒரு தொப்பி இலவசம், என் கொண்டை மேல் அது உட்காரவே இல்லை. பாலன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏர்போர்ட் வருது, ஃபேக்டரி வருது, அஞ்சே வருஷத்துல பெங்களூரே இங்க வந்துரும்" என்று வழி முழுக்கக் கத்தினான். வரட்டும், வரும்போது குடிக்கத் தண்ணீரையும் கையோடு கொண்டுவரட்டும், அந்த ரோட்டோரம் காலிக் குடங்கள் வரிசையில் நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடத்துக்குப் போனால் பெரிய வளைவு, கலர் கொடிகள், நம்பர் எழுதிய கல். நீச்சல் குளம் வரைந்த போர்டின் காலில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

மாப்பிள்ளை வீடியோவில் பார்த்துத் தாமே தேர்ந்தெடுத்த மூலைச் சைட்டு, ஒரு மாரியம்மன் கோயிலுக்கு நேர் எதிரே. கோயில் எதிரே என்பதற்காகக் கூடுதல் விலை வேறு. "பாருங்க சித்தி, நீளமா, சமமா, ஒரு புல்லுகூட இல்ல, சுத்தம் பண்ற செலவே இல்ல, மாப்ளைக்கு என்ன கண்ணு" என்றான் பாலன். நான் செருப்பைக் கழற்றிக் காலால் மண்ணைக் கிளறினேன். மேலே சிவப்பு மண், விரற்கடை கீழே கரி. கொள்ளேகாலில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும். என் அம்மா எனக்காக வேண்டிக்கொண்டு இறங்கியது இப்படி ஒரு இடத்தில்தான். கோயில் வாசலில் விபூதித் தட்டோடு நின்ற பூசாரியிடம், குண்டம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டேன். "இங்கதானுங்கம்மா, வருசா வருசம் பங்குனியில. கல்லு நட்டா நட்டுக்கட்டும், நோம்பி அன்னைக்குப் புடுங்கி வெச்சுட்டுக் குழி வெட்டிக்குவோம்" என்றார், கோபமே இல்லாமல். வண்டி வண்டியாக விறகு எரித்து, தணலைப் பரப்பி, ஊரே வெறுங்காலோடு நடக்கிற நெருப்புக் குழியை உன் புருஷன் வாஸ்து பார்த்து வாங்கியிருக்கிறார். புல் ஏன் முளைக்கவில்லை என்று இப்போது தெரிகிறதா.

வேனில் வந்தவர்கள் முகமெல்லாம் மாறிவிட்டது. ஒரு பேங்க்காரர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மடித்தார். பாலன் அசருவானா, "வருஷத்துல ஒரே ஒரு நாள்தான சித்தி, மீதி நாளெல்லாம் நம்ம எடம்தானே" என்கிறான். அந்த ஒரு நாள் நெருப்பு உன் மாப்ளையோட ஹாலுக்குள்ள எரியுமா, பெட்ரூமுலயாடா என்று கேட்டேன், எல்லாரையும் வேனில் ஏறச் சொல்லிவிட்டான். திரும்பி வரும்போது இறங்கி வந்த குரலில் இன்னொன்று சொன்னான். "வீட்டை வித்துட்டா எங்க போறதுன்னு பயப்படாதீங்க சித்தி, எங்க மாடியில ஒரு ரூம் இருக்கு, அம்மாவுக்கும் பேச்சுத் துணை." கமலம்மாளுக்குப் பேச்சுத் துணை, நான். கண்ணு, இதைக் கேட்ட பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாசலை மறித்து எவனோ ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தான், அவனைக்கூட அன்று திட்டவில்லை. உன் அப்பா போனதும் இந்த வீட்டில்தான், நீ நடக்கப் பழகியதும் இந்த வீட்டில்தான். நீயும் ஒரு வார்த்தை, அம்மா எங்கே இருப்பாள் என்று கேட்கவில்லையே.

ஆகவே நான் ஒரு முடிவு செய்தேன். மறுநாள் தனியாகப் பஸ் ஏறி அந்த ஊருக்கே போய், இந்த இடம் என் மாப்பிள்ளையுடையது என்று பூசாரியிடம் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த ஊர் வழக்கப்படி இடத்துக்காரர்தான் முதலில் குண்டம் இறங்க வேண்டுமாம், இந்தக் கம்பெனியில் கேட்டுப் பார்த்தார்களாம், ஒருவரும் முன்வரவில்லையாம். என் மாப்பிள்ளை ரவிக்குமார் வருவார் என்று பெயரைக் கொடுத்துவிட்டேன். நோட்டீஸில் போட்டு அச்சுக்கும் கொடுத்துவிட்டார்கள். வீட்டுப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. மாப்பிள்ளை பங்குனியில் வந்து, தம் சொந்த இடத்தில் தணல் மேல் நடந்து அக்கரை ஏறட்டும், ஏறிய மறுநிமிடம் நான் கையெழுத்துப் போடுகிறேன். வர முடியாது என்றால் முன்பணத்தைப் பாலனிடமிருந்து திரும்ப வாங்குகிற வழியைப் பார்க்கட்டும், வீட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பேரனுக்குத் தமிழ் எழுத்தைப் பழக்கு. எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். குண்டம் இறங்குகிறவர் முன்னதாகவே விரதம் பிடிக்க வேண்டும். கறி கூடாது, பீர் கூடாது, செருப்பும் கூடாது. மாப்பிள்ளைக்கு ஞாபகப்படுத்து.

இப்படிக்கு, என் சொந்த வீட்டிலிருந்து,
உன் அம்மா பாப்பாயி