கார்டுக்குப் பெட் இல்லை

ஓசூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் ஃபெபாவுக்கு அப்பா ஐசக் எழுதுவது. அந்தக் குளிரிலும் வேலைக் களைப்பிலும் கர்த்தர் உன்னைக் காத்துக்கொள்வாராக.

நீ போனில் கேட்கும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருந்து சொல்லாதே என்று கையை ஆட்டுகிறாள். உன் தோழி பிரியா விடுமுறை முடிந்து அயர்லாந்து திரும்புவதால் அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா விழுந்ததில் பட்டது லேசான அடி இல்லை. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

விழுந்தவுடன், பக்கம் என்று ஜூஜுவாடி தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். "நிம்ம கார்டு இல்லி நடெயல்ல, உங்க ஊருக்கே போங்க" என்று, நம் காப்பீட்டு கார்டு அங்கே செல்லாதென்று சொல்லி வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள்.

ஓசூர் திரும்பி, அரசுக் காப்பீட்டில் பார்க்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "கார்டு கேஸுங்களா? கார்டுக்குப் பெட் இல்லீங்க. கேஷ் கட்டறீங்கன்னா இப்பவே ரூம் இருக்கு" என்றாள். அம்மா வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தாள். பிறகு, ஆதாரில் கிருபாராணி என்று சேர்த்தும் கார்டில் கிருபா ராணி என்று பிரித்தும் இருப்பதால் அப்ரூவல் திரும்பிவிட்டது என்றார்கள். வயதானவர்களுக்கு இலவசம் என்று முகாம் போட்டுக் காப்பீட்டுக்காரர்களே அடித்துக் கொடுத்த கார்டு அது. யாரைக் கேட்டாலும் "எங்க கையில இல்லீங்க சார்" என்பதே பதில். இப்படியே நாட்கள் போயின.

அடுத்த ஸ்ட்ரெச்சரில் நாட்றாம்பாளையத்து நஞ்சம்மா. அவருக்கும் இடுப்புதான். மகன் மாதேஷ் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. "இன்னும் லீவு போட்டா வேலையே போயிரும் சார், ஊர்லயே கட்டுப் போட்டுக்கறோம்" என்று தன் அம்மாவை ஊருக்கே திரும்பக் கூட்டிப் போனான். வேனில் ஏற்றும்போது அவர் அலறியதைக் கேட்டு உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாமளும் போயிரலாங்க" என்றாள்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் கையைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. கடைசியில் என் கண்ணெதிரே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். சாயங்காலமே அப்ரூவல் வந்தது, இல்லாத பெட்டும் வந்தது. ஒரு போனில் முடிகிற காரியத்துக்கு அவளை ஏன் அப்படிப் போட்டுவைத்தார்கள் என்ற ஆத்திரம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

ஆபரேஷன் நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் அத்தனை நாள் கிடந்ததில் முதுகில் புண் வந்துவிட்டது. வாக்கரைப் பிடித்து நிற்கிறாள், அடி எடுத்து வைக்கப் பயப்படுகிறாள். பிசியோதெரபிக்கு மாடிப்படி இறக்கிக் கூட்டிப் போக என் கையில் பலமில்லை. உனக்குத் தெரியக்கூடாது, நீ லீவு போட்டுவிடுவாய் என்கிறாள். தூக்கத்தில் மட்டும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

நீ அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வயதானவர்கள் வார்டில் நர்ஸாக இருக்கிறாய். அவர்களில் யார் கூப்பிட்டாலும் உடனே எழுந்து போ, மகளே. காக்க வைக்காதே. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா