கணினி படிக்காத குறிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு கணினி மொழி பார்த்த உடனேயே பிடிக்காமல் போவது ஏன்? போனில் நீங்கள் கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஒன்பது வருடமாக நான் உருவாக்கிய மொழியில், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று, மற்ற கணினி மொழிகளில் வரிக்கு வரி வரும் அடைப்புக்குறிகளே வைக்கவில்லை. அதுவே வினையாகிவிட்டது. நேற்று அதில் எழுதிய மாதிரியைக் காட்டினேன்; எங்கள் கம்பெனி புரோகிராமர்கள் யாரும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

“என்ன மேடம், இப்படி மொட்டையா இருக்கு?”

“உள்ளே என்ன இருக்குன்னு பாருங்கப்பா.”

“பாத்தா படிக்கவே தோணலையே மேடம்!”

நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். கவலைப்படாதீர்கள்.

இந்த மொழியைக் கம்பெனியில் பயன்படுத்துவதா என்று நாளை அவர்களிடையே வாக்கெடுப்பு. தோற்றால் மொழியைக் கைவிட்டுவிடுவார்கள். அதனால் இன்று பக்கமெங்கும் அடைப்புக்குறிகளைப் போட்டேன். கணினி அவற்றைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும், வெறும் அலங்காரம். போட்டு முடித்தபோது ஒரு வரிகூட என்னுடையதாகத் தெரியவில்லை.

வீட்டில் என் மேசை டிராயரில் உள்ள பச்சை நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். முதலில் எழுதிய வடிவம் அதில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், சும்மா பேசலாம். வேலை இருக்கிறது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்

மறுநாள் சேர்த்தது: “இப்பதான் மேடம் லட்சணமா இருக்கு!” என்று எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.