மூன்றாவது கம்பி

மார்ச் 3, திங்கள்

நேற்று தங்கை குட்டியோடு வந்திருந்தாள். குட்டிக்குப் பத்து மாதம். கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பருவம். கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பினால் சமையலறையில் இருக்கிறாள். நேற்று நேராக எங்கள் பழைய ஃபிரிட்ஜிடம் போய்விட்டாள். கதவைத் தொட இன்னும் ஒரு சாண் இருக்கும்போது தங்கை பாய்ந்து வந்து தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பிள்ளை பயந்து அலறிவிட்டது.

"இது இருக்கிற வீட்டுல பிள்ளைய விட மாட்டேன்க்கா. இதுல ஷாக் அடிக்கும்னு பதிமூணு வயசுலேயே சொன்னேன்."

"இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவை அடிச்சிருக்கா? அதுல ஒண்ணுமில்ல."

"உனக்கு எதுலதான் ஏதாவது இருந்திருக்கு?"

ஏப்ரல் ஏழாம் தேதி அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் குட்டி என்னிடம் இருப்பாள் என்பது குட்டி பிறப்பதற்கு முன்பே பேசி முடித்த விஷயம். அம்மா போன பிறகு தங்கையை இந்த வீட்டில் வைத்து வளர்த்தவள் நான். அவள் பிள்ளையை யாரோ பார்த்துக்கொள்வதா? ஒரு ஃபிரிட்ஜுக்காகவா?

ஐம்பது வயதுப் பெட்டி அது. மூடப்போன ஒரு விடுதியிலிருந்து வாங்கியது. இவர் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருக்கிறார். பெரியவர் உறுமுகிறார், பெரியவருக்குச் சளி பிடித்திருக்கிறது, பெரியவர் இன்றைக்கு மௌன விரதம். கேலி பேசினாலும் ஐஸ் வைக்காத நாள் கிடையாது.

மார்ச் 4, செவ்வாய்

தங்கை போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும்.

மார்ச் 5, புதன்

அடித்துவிட்டது.

குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளேயும் ரப்பர் செருப்பு போடச் சொல்லி டாக்டர் சொன்னது இருபது வருடத்துக்கு முன்னால். கட்டிலிலிருந்து இறங்கும்போது போட்டால் திரும்பப் படுக்கும்போதுதான் கழற்றுவேன். இன்று சமையலறையைக் கழுவிவிட்டு, செருப்பையும் தேய்த்து வெயிலில் வைத்தேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு பால் எடுக்கப் போனேன். பிடியைத் தொட்டதும் முழங்கை வரை விண்ணென்று இழுத்தது. எப்படிக் கையை எடுத்தேன் என்று தெரியவில்லை. சுவரில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வந்ததும் கேட்டேன், "உங்களை இந்தப் பெட்டி எப்பவாவது அடிச்சிருக்கா?"

"அடிக்கும். அதனாலதானே துண்டைப் போட்டுத் திறக்கிறேன்."

"துண்டு கை துடைக்கன்னு நினைச்சேன். ஏன் சொல்லல?"

"உன் தங்கச்சி சொல்லி என்ன வாங்கிக் கட்டிக்கிட்டாள்னு கண்ணால பார்த்தேனே."

ஆமாம். பால் பாத்திரத்தைக் கீழே போட்ட நாள். ஃபிரிட்ஜ் அடித்தது என்று அழுதாள். "கையில பிடிப்பில்லாததுக்குப் பெட்டி மேல பழி போடாத" என்று முதுகில் ஒன்று வைத்தேன். பொய்க்காரி என்றும் சொன்னேன். செருப்புக் காலோடு நின்றுகொண்டு சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

பெரியவர் வயிற்றில் இருந்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்கு மாற்றியாயிற்று. இன்று பிளக்கைத் திறந்து பார்த்தேன். மூன்று முனை பிளக், உள்ளே இரண்டே கம்பி.

இதை யார் செய்தது என்று யோசிக்கவே வேண்டாம். நான்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பழைய ஒயர் எலி கடித்துப் பிய்ந்துபோனது. அப்போது ரேடியோ தொழிற்சாலையில் ஈயம் வைத்து ஒயர் பற்றவைக்கும் வரிசையில் இருந்தேன். எங்கள் ரேடியோக்களுக்கு இரண்டு கம்பிதான். மரப் பெட்டி, தொட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்த நினைப்பில், அங்கே மிஞ்சிய இரண்டு கம்பி ஒயரைக் கொண்டுவந்து இதற்கு மாட்டினேன். உடம்பில் திருகியிருந்த பச்சைக் கம்பி எதற்கென்று தெரியவில்லை. தேவையில்லாமல் தொங்குகிறதே என்று அடியோடு வெட்டிவிட்டேன். வெட்டியபோது எவ்வளவு பெருமை! எலக்ட்ரீஷியனே வேண்டாம், என் பெண்டாட்டி போதும் என்று இவர் தெரு முழுக்கச் சொன்னார்.

இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன்: இது ரேடியோ இல்லைடி, முழுக்கத் தகரம். கசிகிற மின்சாரம் எல்லாம் போக வேண்டிய வழியை நீயே அடைச்சிருக்க. அப்புறம் அது எப்படிப் போகும்? தொடுறவங்க உடம்பு வழியாத்தான் போகும். பதிமூணு வயசுப் பிள்ளை உடம்பு வழியா.

மார்ச் 8, சனி

தங்கை வீட்டுக்காரர் பேசினார். "அண்ணி, புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பிடறேன். பிரச்சினை முடிஞ்சுது." நல்ல மனுஷன். பின்னாலிருந்து தங்கை சொன்னது கேட்டது. "புதுசு வந்தாலும் அக்கா அதேதான். பிள்ளை விழுந்தாக்கூட ஒண்ணுமில்லம்பா. அதுதான் எனக்குப் பயம்."

புதியது வேண்டாம் என்றேன். வீம்பு என்று நினைத்திருப்பார். இருக்கட்டும். புதியது வந்துவிட்டால் ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். முதலில் மறப்பவள் நானாக இருப்பேன். நான் கெடுத்ததை நானே சரிசெய்யப் போகிறேன். ஒவ்வொரு கம்பியும். சரியாகும் வரை சரி என்று வாயைத் திறக்கப் போவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எலக்ட்ரீஷியன் வந்தார். அறுபது வயது இருக்கும், வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோல் பேசுகிறவர். முதலில் சுவரைத்தான் சோதித்தார். பச்சைக் கம்பி போய்ச் சேர வேண்டிய எர்த் சுவரில் நன்றாக இருக்கிறது. இவ்வளவு நாளும் அது அங்கேயே காத்திருந்திருக்கிறது, பெட்டியிலிருந்து ஆள் வரவில்லை. கசிவு தெரிந்தால் தானாக அணைந்துவிடும் ஒரு ஸ்விட்சையும் பொருத்தினார். 'டிரிப்பர்' என்றார்.

பிளக்கைப் பார்த்து, "இதை யாரு போட்டது?"

"யாரோ."

ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்று நாளைக்கு முன்னால்தான் இதே நோட்டில் ஒப்புக்கொண்டேன். வாய் முந்திக்கொள்கிறது.

ஒயரை நானே மாற்றலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்தார். "மாத்துங்க. பிளக் கழட்டிக் கண் முன்னாடி இருக்கணும். கழட்டுறதுக்கு முன்னாடி எது எங்க போகுதுன்னு படம் போட்டுக்கங்க. குளிர வைக்கிற கேஸ் ஓடுற குழாய் பக்கம் கையே போகக் கூடாது. நான் வந்து சோதிக்காம கரண்ட் குடுக்கக் கூடாது."

"பற்றவைக்கிறது எனக்குக் கைவந்த கலை அண்ணே."

"இதுல பற்றவைக்கக் கூடாது. திருகுக்கு அடியில ஈயம் நாளாக நாளாக நசுங்கித் தளர்ந்துரும். ஒயர் முனைக்குச் செம்புத் தொப்பி மாட்டி நசுக்கிப் பிடிக்கணும்."

பதினாலு வருடத் தொழிலை ஒரு வாக்கியத்தில் ஓரங்கட்டிவிட்டார். கோபம் வந்தது. சொன்னது சரிதான் என்பதால் இன்னும் கொஞ்சம் வந்தது.

மார்ச் 12, புதன்

பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஐம்பது வருடத் தூசி, ஒரு சீப்பு, இரண்டு பொத்தான். பழைய ஒயர்களின் ரப்பர் தொட்டால் உதிர்கிறது, உள்ளே செம்பு பல்லைக் காட்டுகிறது. கம்ப்ரஸருக்குப் போவது, குளிரின் அளவைக் கட்டுப்படுத்தும் குமிழுக்குப் போவது, கதவு விளக்குக்குப் போவது, எல்லாவற்றையும் படம் போட்டு எண் கொடுத்தேன். ஒயரிலிருந்து கழற்றிய பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு இவர் நாற்காலியில் காவல் இருந்தார். டீ குடிக்கப் போனபோதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மார்ச் 13, வியாழன்

கம்ப்ரஸர் பக்கம் முடிந்தது. சூடு தாங்கும் புது ஒயர். தகட்டின் துளை விளிம்பு ஒயரை அறுக்காமல் இருக்க ரப்பர் வளையம். யாராவது இழுத்தாலும் உள்ளே இருக்கும் முனை அசையாதபடி ஒரு பிடிப்பு. முனைத் தொப்பியை நசுக்கி நசுக்கி உள்ளங்கை சிவந்துவிட்டது. எட்டு முனைகள் சரியில்லை என்று வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பச்சைக் கம்பி. உடம்பில் பெயிண்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, பல் வைத்த வளையம் போட்டு இறுக்கினேன். திருகிய பிறகும் கையை எடுக்க மனமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

முடித்துவிட்டேன். கதவுச் சட்டத்துக்குள் விளக்குக்குப் போகிற ஒரு முழ ஒயரை மட்டும் மாற்றவில்லை. இழுத்தால் வரவில்லை. வெளியே தெரிகிற இரண்டு நுனியும் புதிது மாதிரி இருக்கின்றன. என் மீட்டரில் பார்த்தேன், கசிவு எதுவும் காட்டவில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ஒரு பகல் குட்டியை இங்கே விட்டுப் பார்க்கலாம் என்று தங்கையிடம் சொல்லச் சொன்னேன். இவர் பேசினார். பார்க்கலாம் என்றாளாம். பார்க்கலாம் என்றால் அவள் அகராதியில் பாதி சம்மதம்.

மார்ச் 18, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் வேலையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எர்த் திருகைத் தன் கையால் ஒரு முறை இறுக்கிப் பார்த்தார், அது அசையவில்லை. அவர் முகத்தில் வந்தது பாராட்டு என்றுதான் நினைக்கிறேன்.

"எல்லாம் மாத்தியாச்சா?"

"எல்லாம்."

கையால் சுற்றுகிற ஒரு கருவியை எடுத்தார். சாதாரண மீட்டருக்குத் தெரியாத கசிவையும் இது காட்டிவிடுமாம். முள் மேலே ஏறினால் நல்லது, கீழே கிடந்தால் கசிவு. சுற்றினார். முள் ஏறவே இல்லை, கீழேயே படுத்துக்கொண்டது. ஒவ்வொரு கிளையாகக் கழற்றி மறுபடி சுற்றினார். கம்ப்ரஸர் சுத்தம். குமிழ் சுத்தம். விளக்குக் கிளையில் முள் விழுந்தது.

"எல்லாம்னீங்களே."

அவர் திட்டவில்லை. "அதையும் மாத்திட்டுக் கூப்பிடுங்க" என்று பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவரைக் கூப்பிட்டு, "அந்தப் பிளக்கும் நான் போட்டதுதான் அண்ணே" என்றேன். "தெரியும்மா" என்றார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர், டிரிப்பர் இல்லாத பிளக் பாயின்ட்டில் மாட்டினால் ஓடத்தான் செய்யும் என்று யோசனை சொன்னார். ஓடும், பத்தொன்பது வருடமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

மார்ச் 19, புதன்

தங்கைக்கு நானே போன் செய்தேன். எடுத்தாள்.

"சனிக்கிழமை வர வேண்டாம்" என்றேன். "இன்னும் சரியாகல. ஒரு ஒயரை மாத்தாம மாத்திட்டேன்னு சொல்லிட்டேன். சோதிச்சப்ப மாட்டிக்கிட்டேன்."

நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். பச்சைக் கம்பியை வெட்டியது, செருப்பு, ஈரத் தரை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அன்னைக்குப் பால் பாத்திரம் விழுந்தப்ப நீ பொய் சொல்லல. நான் உன்னை அடிச்சேன். தப்பு என்னோடது."

"வச்சிடறேன்க்கா, பிள்ளை அழுவுறா" என்றாள். பிள்ளை அழுகிற சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

ஒயர் வரவில்லை. நாளைக்கும் இழுப்பேன். நாளை மறுநாளும்.

மார்ச் 22, சனி

பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். தங்கை. இடுப்பில் குட்டி.

"வர வேண்டாம்னு சொன்னேனே!"

"நீ வேணாம்னு சொன்னதாலதான் வந்தேன்." குட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். "பிளக் எங்க?"

இவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டோம். கதவுச் சட்டத்தின் பிளாஸ்டிக் பட்டையை உடையாமல் நெம்பி எடுக்க ஒரு மணி நேரம். உள்ளே ஒயர் ஒரு தகட்டு விளிம்பில் நசுங்கி, தோல் உரிந்து, இரும்போடு ஒட்டிக் கிடந்தது. நுனி இரண்டும் புதிது மாதிரி. நடுவில் இந்த லட்சணம். பழைய ஒயரின் முனையில் புதியதைக் கட்டினோம். அவள் மேலேயிருந்து இழுத்தாள், நான் கீழேயிருந்து தள்ளினேன். "மெதுவாக்கா! உனக்கு எப்பவும் அவசரம்" என்று அதட்டினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளும் மூக்கை உறிஞ்சினாள். தூசி என்றாள்.

போகும்போது உரிந்த அந்தத் துண்டைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் மறுபடி வந்து கருவியைச் சுற்றினார். முள் உச்சிக்குப் போய் நின்றது. மூன்று முறை சுற்றச் சொன்னேன். மூன்று முறையும். பிறகு அவரே பிளக்கை மாட்டி, உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். டிரிப்பரின் சோதனைப் பொத்தானை அழுத்தினார், பட்டென்று விழுந்தது. மாதம் ஒரு முறை இதை அழுத்திப் பார்க்கச் சொன்னார். காலண்டரில் எழுதிவிட்டேன்.

தங்கைக்கு முள்ளின் படத்தை அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

எட்டு மணிக்குக் குட்டியை விட்டுவிட்டுப் போனாள். துணிப்பை, பால் புட்டி, எப்போது தூங்குவாள், எதற்கு அழுவாள் என்று ஒரு தாள் நிறைய எழுத்து.

பத்தரைக்கு நான் புட்டி கழுவிக்கொண்டிருந்தபோது குட்டி ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து எழுந்து நின்றாள். படபடவென்று தட்டினாள். தட்டட்டும் என்று விட்டேன். தட்டிய உற்சாகத்தில் கால் மடங்கி விழுந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம்.

துடைத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தங்கை.

"என்னக்கா பண்றா?"

"விழுந்துட்டா. கீழுதட்டுல உள்பக்கம் பல்லு பட்டு அரிசி அளவு வெட்டு. ரத்தம் வந்துது, ரெண்டு நிமிஷத்துல நின்னுடுச்சு. இப்ப அழல. பாலை வேணாங்கிறா. அரை மணி கழிச்சுக் குடுத்துப் பார்க்கிறேன்."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு குட்டியை மறு தோளுக்கு மாற்றினேன்.

"சரிக்கா. நான் ஆறு மணிக்கு வந்துடறேன்."

பதறி முன்கூட்டி ஓடி வரவில்லை. ஆறேகாலுக்குத்தான் வந்தாள்.